திறக்காதே என்று எழுதிய குழாய்

திருவண்ணாமலை,
19.6.1994

மணிமொழிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். அணுசக்தி நகரில் குடியிருப்பவளுக்கு என்ன குறைச்சல்? பொங்கல் வாழ்த்து அட்டைக்கு மேல் எதுவும் எழுதாதவள் இன்று பக்கம் பக்கமாக எழுதுகிறாளே, ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பாய். ஆமாம், காரியம்தான்.

எங்கள் கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. டிராம்பே அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையைக் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாமாம். முதல்வர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னாம்மா, கரண்ட் ஆபீஸ் சமாச்சாரமா? உனக்குப் புரிஞ்சா நீயே வெச்சுக்கோ" என்று என்னிடம் நீட்டினார்.

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வயிறு எரிந்தது. ஏனென்றால் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய்.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? என் உப்பில் இரண்டு ஆக்சிஜனுக்கு இடையே ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அது சரிபாதியில் நிற்கிறது என்று நான் சொன்னேன். ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று நீ சொன்னாய். அதே உப்பைத்தான் இன்னமும் கட்டிக்கொண்டு அழுகிறேன். எக்ஸ்ரேயில் ஹைட்ரஜன் சரியாகத் தெரிவதில்லை. பெரிய அணுக்களுக்கு நடுவே, தீபத்தன்று கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி எங்கேயோ மறைந்துவிடுகிறது. நியூட்ரானுக்கு அது நன்றாகத் தெரியும். அது எங்கே நிற்கிறது என்று காட்டாவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார். பதிவுக் காலம் தொண்ணூற்றாறு டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் முடிக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் போச்சு.

பம்பாய் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று நம் இரண்டு பேரையும்தான் கூப்பிட்டார்கள். "ராத்திரி எட்டு மணிக்குச் சோறு போடற ஹாஸ்டல்ல நம்ம பொண்ணு எப்படி இருப்பா?" என்று அப்பா கேட்டார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமண நயினார் வீட்டில் அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை. நீ போனாய். ரயிலடியில் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அது வாயளவுச் சிரிப்பு என்று உனக்கும் தெரியும்.

எதை அனுப்ப வேண்டும், எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுது. உன்னைக் கேட்கும்படி ஆனதுதான் கசப்பாக இருக்கிறது.

த்ரிசலா


பம்பாய்,
8.7.1994

த்ரிசலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடலாம் என்று தோன்றியது. பிறகு, கேள்வி கேட்டிருக்கிறாயே, பதில் சொல்லத்தானே எனக்குச் சம்பளம் என்று எடுத்து வைத்தேன்.

இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாய். வாஸ்தவம், உட்காரத்தான் செய்கிறேன். கௌஹாத்தியிலிருந்து ஒருவர் காந்தப் பொடி கொண்டுவருகிறார். கொச்சியிலிருந்து ஒரு அம்மாள் ரப்பர் மாதிரி ஏதோ கொண்டுவருகிறார். நான் பொருத்துகிறேன், திருப்புகிறேன், எண்களை எடுத்துக் கையில் கொடுக்கிறேன். அவர்கள் "ரொம்ப தேங்க்ஸ்" என்று ரயிலேறிவிடுகிறார்கள். அவர்களுடைய கட்டுரையின் கடைசி வரியில் என் பெயர் இருக்கும், நன்றியோடு. நீ பொறாமைப்படும் வாழ்க்கை இதுதான்.

இனி விஷயம். படிகம் பெரிதாக வேண்டும். எக்ஸ்ரேக்கு உப்புக் கல் அளவு போதும். இங்கே வேர்க்கடலை அளவு, நம் ஊர்ப் பேச்சில் நல்ல மல்லாட்டைப் பருப்பு அளவாவது வேண்டும், விரிசலோ கலங்கலோ இருக்கக் கூடாது. எங்கள் கற்றை மெலிசு, ஒரு படிகத்தை முடிக்க மூன்று வாரம் பிடிக்கும். விண்ணப்பத்தை ஒரு கமிட்டி பார்க்கும். அதில் நான் இல்லை, அதனால் என்னைக் கெஞ்சவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். நூறு கல்லூரி சேர்ந்தாலும் ஓர் அணு உலை வாங்க முடியாது. அதனால்தான் ஒன்றைக் கட்டி எல்லோருக்கும் பொது என்று வைத்திருக்கிறார்கள். அது என் சொத்து இல்லை. உனக்கும் எனக்கும் கௌஹாத்திக்காரருக்கும் சமம்.

இன்னொன்று. அம்மா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். கீழ்பென்னாத்தூரில் என் அறையில் உன் ஜாடிகள் இருக்கின்றனவாம். ஒரு வருடமாக! நான் படித்த மேசையின் மேல்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா உனக்கு?

மணிமொழி


திருவண்ணாமலை,
2.11.1994

மணிமொழிக்கு,

கமிட்டி நேரம் கொடுத்துவிட்டது. பதினான்காம் தேதியிலிருந்து மூன்று வாரம். என் தம்பி ஜினசேனன் பம்பாய்க்கு வேலை விஷயமாக வருகிறான். அவன் கையில் படிகத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அறைக்காக நீ கோபித்துக்கொண்டது சரிதான். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே இருப்பது உனக்குத் தெரியாதா? பௌர்ணமி வந்தால் லட்சம் கால்கள் வாசலில் நடக்கின்றன. ஒலிபெருக்கி வேறு. ஜாடித் தண்ணீர் அதிர்ந்தால் ஒரே பெரிய படிகமாக வளர வேண்டியது நூறு துணுக்காகக் கொட்டிவிடுகிறது. மூன்று பௌர்ணமிக்கு மூன்று படிகம் போயிற்று. அழுதுகொண்டே உன் அம்மா ஜோதியம்மாளிடம் சொன்னேன். அவர்தான் "எங்க வூட்டு மல்லாட்ட ரூமுக்குப் பக்கத்துல மணி ரூம் சும்மாதான் கெடக்குது, கொண்டாந்து வெய்யி" என்றார். சுவர் தடிப்பு, சூடு ஏறாது இறங்காது. நான் கேட்கவில்லை, அவராகக் கொடுத்தார்.

இதில் எங்கள் வீட்டுப் பழக்கமும் கைகொடுத்தது. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் நாங்கள் வாயில் வைப்பதில்லை அல்லவா, அதே கையோடு கரைசலையும் மடித்த துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டினேன். தூசியே இல்லை. என் உப்பு கொஞ்சம் தித்திப்பு, எறும்பு வந்துவிடும். அவற்றைக் கொல்ல எனக்கு மனம் வராது. மூலையில் ஒரு கரண்டி சர்க்கரை வைத்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன். உன் அம்மா சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனார்.

நானே வந்திருக்க வேண்டும். தீபத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அனுப்புகிறார்கள், நான் பொறுப்பு. விடுப்பு கேட்டேன், கிடைக்கவில்லை.

படிகம் ஈரக் காற்றில் கரையும். அதனால் எங்கள் ஆய்வகத்திலேயே உயர்ந்த, சூடு தாங்கும் கெட்டிக் கண்ணாடிக் குழாயை வேதியியல் துறைத் தலைவரிடம் மன்றாடி வாங்கி, ஆய்வக உதவியாளர் கண்ணாயிரத்தைக் கொண்டு வாயை உருக்கி அடைத்திருக்கிறேன். மேலே சீட்டும் ஒட்டியிருக்கிறேன். படித்துக்கொள்: "திறக்கக் கூடாது. உடைக்கக் கூடாது. என்னிடமே திரும்பி வர வேண்டும்."

உன்னை நம்பாமல் இல்லை. ஆனால் அது என் படிகம்.

த்ரிசலா


பம்பாய்,
9.12.1994

த்ரிசலாவுக்கு,

மூன்று வாரம் முடிந்தது. எண்களை இத்துடன் அனுப்புகிறேன். பயன்படாது.

நீ மன்றாடி வாங்கிய உயர்ந்த கண்ணாடியில் போரான் இருக்கிறது. சூடு தாங்குவதற்காகச் சேர்ப்பது. போரான் நியூட்ரானை விழுங்கும். போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம் என்று பாதிக்கு மேல் குழாயே தின்றுவிட்டது. மிச்சம் வந்ததில் கண்ணாடியின் மங்கல்தான் ஜாஸ்தி. பெரிய அணுக்கள் தெரிகின்றன. ஹைட்ரஜன் இருக்குமிடம் வெறும் புகை. கடைத்தெருவில் விற்கும் மட்டமான கண்ணாடியில் போட்டிருந்தால்கூட இதைவிடத் தேவலை.

குழாய் உடையாமல் உன் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. சீட்டும் அப்படியே இருக்கிறது.

மணிமொழி


திருவண்ணாமலை,
17.12.1994

மணிமொழி,

எண்களை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போரான் நியூட்ரானை விழுங்கும் என்று எனக்குத் தெரியாது. நான் நியூட்ரானைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. என் ஊரில் சொல்ல ஆளில்லை. ஆனால் உனக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்து அந்தக் குழாயைக் கையில் எடுத்த நிமிடமே தெரிந்திருக்கும். தெரிந்தும் பொருத்தினாய். மூன்று வாரம் அந்தப் புகையை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாய்.

ஒரு தந்தி அடிக்க உனக்குக் கை வரவில்லையா? "உடைக்கலாமா?" என்று இரண்டு வார்த்தை? கௌஹாத்திக்காரர் இதே குழாயோடு வந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாய்தானே?

நம் வகுப்பில் நான் முதல், நீ இரண்டாவது. அது உன்னை இன்னும் உறுத்துகிறது. என் ஹைட்ரஜன் நடுவில் நிற்கிறது என்று உன் இயந்திரமே சொல்லிவிடுமோ என்று பயந்துவிட்டாய். பொதுச் சொத்து, எல்லோருக்கும் சமம் என்று எழுதினாயே, வெட்கமாக இல்லையா?

இனி எழுதாதே.

த்ரிசலா


பம்பாய்,
28.12.1994

த்ரிசலாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இது ஒன்றையும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

குழாயைக் கையில் எடுத்ததும் தெரிந்தது. இங்கே ஈரமில்லாத பெட்டி இருக்கிறது, அதற்குள் வைத்து உடைத்து மாற்றியிருக்கலாம். சீட்டைப் பார்த்தேன். "என்னிடமே திரும்பி வர வேண்டும்." திருடியிடம் கொடுப்பது போலக் கொடுத்திருக்கிறாய். சரி, அவள் சொன்னபடியே செய்வோம், சொன்னதற்கு மேல் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டாம் என்று நினைத்தேன். கௌஹாத்திக்காரர் சீட்டு ஒட்டிக்கொண்டு வரவில்லை, த்ரிசலா.

தந்தி அடிக்கத்தான் கிளம்பினேன். கிளம்பும்போது அம்மாவின் போன் வந்தது. எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததிலிருந்து வா, வந்து ஒரு மாதம் இரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். டிக்கெட்டும் எடுத்து அனுப்பியிருந்தேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "எப்படிடி வர முடியும்? ஜாடியெல்லாம் யாரு பாத்துப்பாங்க? த்ரிசலா என்ன நம்பி வெச்சுட்டுப் போயிருக்கா. உனக்கு இன்னா, நீ பெரிய ஆபீசரு."

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். தந்தி அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பொழுது சாய்வதற்குள் உன்னோடு உட்கார்ந்து அம்மா சாப்பிடுகிறாளாம். உனக்காகக் கிழங்கில்லாமல் சமைக்கிறாளாம். என் மேசை, என் அறை, என் அம்மா, அதற்குமேல் உனக்கென்று வளர்கிற ஒரு படிகம். எனக்கு இங்கே என்ன இருக்கிறது? ஊரார் படிகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். பொறாமை உனக்கு மட்டும் பாத்தியப்பட்டது என்று நினைக்காதே.

மணிமொழி


பம்பாய்,
11.8.1996

மணிமொழிக்கு,

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். அதுவும் உன் வீட்டு மேசையில், உன் பேனாவால்.

ஜோதியம்மாள் களத்துமேட்டில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்ததும், நீ விடுப்பில் வருகிறாய் என்று தெரிந்ததும், கமிட்டி எனக்கு இரண்டாவது முறை நேரம் கொடுத்ததும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. இந்தமுறை பயனாளி நேரில் வர வேண்டும் என்பது நிபந்தனை. நீ வரும்வரை நான்தான் உன் அம்மாவோடு இருந்தேன். நீ கீழ்பென்னாத்தூரில் இறங்குவதற்கு அரை நாள் முன்னால் கிளம்பிவிட்டேன். வேண்டுமென்றேதான். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நீ பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று அம்மா சொன்னார், அதை வாங்கித்தான் உள்ளே வந்தேன்.

படிகத்தைக் குழாயில் அடைக்கவில்லை. பஞ்சில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொடியோடு டப்பாவில் கொண்டுவந்தேன். உன் ஆட்கள் மெல்லிய அலுமினியக் கூட்டில் வைத்தார்கள். உலைக்கூடத்துக்குள் போனதும் அண்ணாந்து பார்த்தேன். இது உனக்குத் தினமும் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பழைய எரிச்சல் அப்படியே இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் "மணிமொழி எப்போ வருவாங்க?" என்று கேட்கிறான். இம்பாலிலிருந்து வந்த பையன் படிகத்தைப் பொருத்தத் தெரியாமல் விழித்தான். "மேடம் இருந்தா வைய மாட்டாங்க, சொல்லிக் கொடுப்பாங்க" என்கிறார்கள். நான்தான் உன்னிடம் கேட்காமலேயே உத்தரவு போட்டவள்.

இன்னொன்றும் பார்த்தேன். உன் சமையலறை ஜன்னலில் ஒரு ஜாம் பாட்டில். குச்சியில் நூல் கட்டி உள்ளே தொங்கவிட்டிருக்கிறாய். அடியில் உடைந்த சர்க்கரை மாதிரி ஏதோ கிடக்கிறது. படிகம் வளர்த்துப் பார்த்தாயா, மணி? ஜன்னலில் வைத்தால் எப்படி வளரும்? பகலில் வெயில் காய்கிறது, ரயில் போனால் அதிர்கிறது.

த்ரிசலா


கீழ்பென்னாத்தூர்,
20.8.1996

த்ரிசலாவுக்கு,

ஜாம் பாட்டிலைப் பார்த்தாயா? பார்த்துவிட்டாய். போகட்டும்.

ஆமாம், வளர்த்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வந்தது. இவளால் மட்டும் எப்படி முடிகிறது என்று.

இங்கே வந்த முதல் நாள் என் அறைக் கதவைத் திறந்தேன். "மெதுவா, மெதுவா! ஆட்டாத!" என்று கட்டிலிலிருந்தே அம்மா கத்தினாள். பெற்ற மகள் வந்திருக்கிறேன், ஜாடிக்குப் பரிந்து பேசுகிறாள். "தண்ணிய மூணு மடிப்புத் துணியில வடிகட்டு. ரெண்டு போதாது, த்ரிசலா சொல்லியிருக்கா." எறும்புக்கு நான்தான் சர்க்கரை வைக்கிறேன். அணுசக்தித் துறை அதிகாரி, எறும்புக்குச் சர்க்கரை!

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அவ வந்தா மட்டும் வேளையோட சாப்பிடறே. நான் கூப்பிட்டா பம்பாய்க்கு வர மாட்டேங்கறே. நான்தானே உன் பொண்ணு?" அம்மா தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டாள். பிறகு சொன்னாள்: "நீ இன்னா வேல செய்யறேனு எனக்கு யாரு சொன்னாங்க? நீ சொன்னியா? அவதான் வாரா வாரம் சொல்லுவா. மணி கையில ஒரு மெஷின் கீது, நாட்டுலேயே அது மாதிரி கெடையாது, எங்கெங்கேர்ந்தோ வர்றவங்களுக்கெல்லாம் அவதான் காட்டறானு. அதக் கேக்கத்தான் அவளுக்குச் சோறு போட்டேன்."

நீ இப்படியெல்லாம் சொன்னாயா? சண்டைக்குப் பிறகுமா? அம்மா ஆமாம் என்கிறாள். பொறாமையில் வெந்துகொண்டே என் பெருமையைப் பேசினாயா?

உன்னைக் கேட்காமல் ஒரு விதைப் படிகம் எடுத்தேன். கடுகு அளவுகூட இல்லை. காலி ஜாடியில், மேசையின் அந்தக் கோடியில் தொங்கவிட்டிருக்கிறேன். வளர்கிறது.

மணிமொழி


பம்பாய்,
2.9.1996

மணிக்கு,

கணக்கு முடிந்தது. நேற்று மாலை ஹைட்ரஜன் தெரிந்தது. புகை இல்லை, மங்கல் இல்லை. இத்தனை வருடம் நான் தேடியது திரையில் சின்னப் பள்ளமாக நின்றது.

நடுவில் இல்லை.

ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ரொம்ப இல்லை, கொஞ்சம். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சாய்ந்திருக்கிறது. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், குழாயைக் குற்றம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். இந்தமுறை குழாயும் இல்லை.

நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. உன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். இம்பால் பையன் டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனான். என் வழிகாட்டிக்குப் போன் செய்தேன். "எங்கே நிற்கிறது என்றுதானே காட்டச் சொன்னேன், நீ சொன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? எழுதிக் கொடு" என்றார். டிசம்பருக்குள் ஆய்வேடு போய்விடும். ஆனால் முதல் வரியை எழுதும்போது உன் பெயர் ஞாபகம் வரும். வரத்தான் செய்யும், சனியன்.

உன் அம்மாவிடம் நான் சொன்னது உண்மைதான். உன்னைப் பற்றி அவரிடம் பேசும்போது, நானே அந்த இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பது போல இருக்கும். அதனால் பேசினேன். பெருமை பாதி, ஏக்கம் பாதி.

ஜெயித்துவிட்டாய். சந்தோஷமா?

த்ரிசலா


கீழ்பென்னாத்தூர்,
9.9.1996

த்ரிசலாவுக்கு,

சந்தோஷமா என்று கேட்கிறாய். அந்த ஹைட்ரஜன் சாய்ந்திருக்கிறது என்று தெரியும் நாளில் ஊரெல்லாம் மிட்டாய் கொடுப்பேன் என்று நினைத்திருந்தேன். கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உடனே எரிச்சல் வந்துவிட்டது. சொன்னவள் நான், கண்டுபிடித்தவள் நீ! என் இயந்திரத்தில், என் நாற்காலியில், நான் எறும்புக்குச் சர்க்கரை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்!

என் இயந்திரம் என்று எழுதிவிட்டேன், பார். அதை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன். நீயே சிரித்துக்கொள்.

அம்மா கோலூன்றி நடக்கிறாள். உன் சேதியைச் சொன்னேன். "அப்போ ரெண்டு பேரும் பாஸா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனி ஜாடிகளுக்கு அவள்தான் காவல், நான் போகலாம் என்று உத்தரவு.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். என் படிகம் துவரம் பருப்பு அளவுக்கு வந்திருக்கிறது. உங்கள் கமிட்டிக்குப் போதாது, தெரியும். எங்கள் கமிட்டி என்று சொல்ல வேண்டுமோ? யாருடையதாகவோ இருக்கட்டும், அடுத்த வருடம் வரிசையில் நின்று நானும் விண்ணப்பம் போடப் போகிறேன். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் உன்னுடையது. கடைசி வரியில், நன்றியோடு, ஜோதியம்மாள். உனக்கு எரியும். எரியட்டும்.

ஞாயிறு காலை தாதரில் இறங்குவேன். இந்தமுறை அரை நாள் முன்னால் கிளம்பிவிடாதே. பிளாட்பாரத்தில் நில். படிகத்தை எதிலும் அடைக்கவில்லை, சீட்டும் ஒட்டவில்லை. உன் கையில்தான் கொடுக்கப் போகிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

மணி